ஹார்ட் டிஸ்க்கைச் செருகினால் மவுஸ் நொண்டுகிறது, வைஃபை சாகிறது: என்ன கோளாறு?

ஆல்பம்காரன் (கும்பகோணம்)

வணக்கம். வீட்டு மாடியில் உட்கார்ந்து கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறேன். போட்டோகிராபர்கள் ஹார்ட் டிஸ்க்கில் படம் கொண்டுவந்து கொடுப்பார்கள், நான் 12×36 ஷீட்டுகளாக அடுக்கி லேபுக்கு அனுப்புவேன். வைகாசி வந்துவிட்டால் சாப்பிடக்கூட நேரம் இருக்காது.

போன மாதம் பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று அசெம்பிள் செய்து வாங்கினேன். அன்றிலிருந்து ஒரு தொல்லை. ஹார்ட் டிஸ்க்கைச் செருகி காப்பி போட்டால் போதும், மவுஸ் நொண்ட ஆரம்பிக்கிறது. இழுத்தால் அம்பு ஓரிடத்தில் நின்று யோசித்துவிட்டு, திடீரென்று மாப்பிள்ளை முகத்திலிருந்து மாமனார் வேட்டிக்குத் தாவுகிறது. கூடவே வைஃபையும் படுத்துக்கொள்கிறது. 40 வந்துகொண்டிருந்த ஸ்பீடு 2க்கு இறங்கும், சில நேரம் அறுந்தே போகும். காப்பி முடிந்த சில வினாடிகளில் இரண்டும் தெளிந்துவிடும். சாமி மலையேறியதும் மனுஷர் எழுந்து காபி கேட்பாரே, அந்த மாதிரி.

இதுவரை செய்தவை: மவுஸுக்குப் பேட்டரி மாற்றினேன். பையனுடைய மவுஸைப் பிடுங்கிப் போட்டுப் பார்த்தேன், அதுவும் அப்படியே நொண்டியது. நெட் கனெக்‌ஷன் கொடுத்தவர்கள் வந்து ரவுட்டரையே மாற்றிவிட்டு, உங்கள் வீட்டு சுவர் தடிமன் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அசெம்பிள் செய்தவர் விண்டோஸைப் புதிதாக ஏற்றித் தந்தார். அதிலும் தீரவில்லை என்றதும், எஸ்எம்பிஎஸ் (உள்ளே கரண்ட் கொடுக்கும் பெட்டி) தாங்கவில்லை, பெரியதாகப் போடலாம் என்கிறார். நாலாயிரம் ரூபாய் சமாசாரம். கொடுப்பதற்கு முன்னால் இங்கே கேட்டுவிடலாம் என்று வந்தேன்.

ரவுட்டர் கீழே ஹாலில் இருக்கிறது. கம்ப்யூட்டரில் வைஃபைக்கு நகக்கண் அளவு யுஎஸ்பி அடாப்டர் ஒன்று போட்டிருக்கிறேன். எல்லாமே பின்பக்கம்தான் செருகல்: மவுஸ் டாங்கிள் (வயரில்லா மவுஸோடு வரும் குட்டி ரிசீவர்), வைஃபை அடாப்டர், அதை ஒட்டினாற்போல் ஹார்ட் டிஸ்க்.

சும்மா எட்டிப்பார்த்தேன்

அக்கம்பக்கத்து வைஃபை எல்லாம் ஒரே சேனலில் உட்கார்ந்திருக்கும். ரவுட்டரில் போய் 1, 6, 11 இந்த மூன்றில் கூட்டம் குறைவானதை வையுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றின்மேல் ஒன்று ஏறாத சேனல்கள் அவைதான். வீட்டில் மைக்ரோவேவ் அடுப்பு இருக்கிறதா? அதுவும் அதே அலைவரிசையில்தான் ஓடும்.

ஆல்பம்காரன்

நன்றி. மூன்று சேனலும் மாற்றிப் பார்த்தேன், வித்தியாசம் இல்லை. மைக்ரோவேவை அம்மா வீட்டுக்குள்ளேயே விடவில்லை.

பழைய ஸ்குரூடிரைவர் (திருநெல்வேலி)

தம்பி, எஸ்எம்பிஎஸ்ஸுக்குக் காசைக் கொடுத்துவிடாதீர்கள். "காப்பி போட்டால் போதும்" என்று எழுதினீர்கள் பாருங்கள், அதிலேயே விடை இருக்கிறது. பக்கத்து வீட்டு வைஃபைக்கு நீங்கள் காப்பி போடுவது எப்படித் தெரியும்?

ஹார்ட் டிஸ்க்கைச் செருகிய துவாரத்துக்குள் எட்டிப் பாருங்கள், நாக்கு நீலமாக இருக்கும். அது யுஎஸ்பி 3.0. பழைய யுஎஸ்பி 2.0இல் நாலு தகடு, வினாடிக்கு 480 மெகாபிட். 3.0இல் கூடுதலாக ஐந்து தகடு, 5 கிகாபிட். அவ்வளவு வேகத்தில் மின்சாரம் ஏறி இறங்கும்போது கேபிளும் கனெக்டரும் ஆன்டெனா மாதிரி இரைச்சலைக் கிளப்பும். அந்த இரைச்சல் ஏதோ ஒரு புள்ளியில் நிற்பதில்லை, அடியிலிருந்து 5 கிகாஹெர்ட்ஸ் வரை அகலமாகப் பரவிக் கிடக்கும். அதற்கு நடுவில்தான் உங்கள் வைஃபையும் மவுஸ் டாங்கிளும் புழங்குகிற 2.4 மாட்டிக்கொள்கிறது. அதை மட்டும் தனியாக வடிகட்டி எறியலாமா என்றால், டேட்டாவே அந்த அலைவரிசையில்தான் ஓடுகிறது. இரைச்சலை வெட்டினால் டேட்டாவையும் சேர்த்து வெட்டியதாகிவிடும். அதனால்தான் சேனல் மாற்றியும் பலனில்லை. 1, 6, 11 மூன்றும் அந்த இரைச்சலுக்கு ஒன்றுதான்.

முன்பெல்லாம் வீட்டில் மிக்சி ஓடினால் டிவியில் கோடு கோடாக வருமே, அதே கதை. டிவி கெட்டுப்போயிருக்காது, மிக்சியும் நன்றாகத்தான் இருக்கும்.

இது ஊரறிந்த விஷயம்தான். இன்டெல் நிறுவனமே 2012இல் இதை அளந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. 3.0 ஹார்ட் டிஸ்க் பக்கத்தில் ஓடினால் 2.4இல் இரைச்சல் கிட்டத்தட்ட 20 டெசிபல் ஏறுகிறது என்று அதில் இருக்கும். 20 டெசிபல் என்றால் நூறு மடங்கு. உங்கள் டாங்கிளோ ஹார்ட் டிஸ்க்கை உரசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. பழைய கம்ப்யூட்டரில் ஏன் வரவில்லை என்று யோசித்தீர்களா? அதில் 2.0 மட்டும்தான் இருந்திருக்கும்.

என் பாவத்தையும் சொல்லிவிடுகிறேன். பத்து வருடத்துக்கு முன் ஓர் ஆடிட்டர் ஆபீசில் இதே புகார். நான் அவருக்கு வரிசையாக மூன்று மவுஸ் விற்றேன். மூன்றாவதும் நொண்டியபோது அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அன்று ராத்திரி உட்கார்ந்து தேடியபோதுதான் அந்த அறிக்கை கண்ணில் பட்டது. மறுநாள் போய் இரண்டு மவுஸுக்கான பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். மூன்றாவதை அவரே வேண்டாம் என்றுவிட்டார்.

முதலில் காசில்லாத சோதனை: ஹார்ட் டிஸ்க்கைப் பிடுங்கிக் கறுப்புத் துவாரத்தில், அதாவது 2.0இல், செருகுங்கள். வேகம் குறையும், மவுஸ் நொண்டக்கூடாது. நொண்டவில்லை என்றால் ஒரு மீட்டர் யுஎஸ்பி 2.0 எக்ஸ்டென்ஷன் வயர் வாங்கி, மவுஸ் டாங்கிளை அதன் முனையில் மாட்டி மேஜைமேல் கொண்டுவந்து வையுங்கள். வைஃபை அடாப்டருக்கும் அப்படியே. வயர் 2.0ஆகவே இருக்கட்டும். கடைக்காரர் 3.0தான் உசத்தி என்று நீலத்தை நீட்டுவார், வாங்காதீர்கள். அப்புறம் டிஸ்க்கோடு வந்த ஒரிஜினல் வயரைத் தொலைத்துவிட்டு ரோட்டோரத்தில் வாங்கிய வயரைப் போட்டிருந்தால் அதையும் மாற்றுங்கள். உள்ளே ஷீல்டு (இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) சரியில்லாத வயர்தான் அதிகம் கத்தும்.

ஆல்பம்காரன்

அண்ணே, கால் எங்கே இருக்கிறது சொல்லுங்கள், விழுகிறேன்.

கறுப்பில் போட்டேன். மவுஸ் வெண்ணெய் மாதிரி ஓடியது. ஆனால் 64 ஜிபி கல்யாணம் ஒன்று, நீலத்தில் பத்து நிமிடத்தில் ஏறுவது, அரைமணி நேரம் எடுத்தது. அதனால் வயர் வாங்கிவிட்டேன், இரண்டும் சேர்த்து முந்நூறு ரூபாய். நீங்கள் சொன்னபடியே கடைக்காரர் நீலத்தைத்தான் நீட்டினார். இப்போது மவுஸ் டாங்கிள் மானிட்டர் காலடியில் இருக்கிறது, அடாப்டரை ஜன்னல் பக்கம் தொங்கவிட்டிருக்கிறேன். காப்பி ஓட ஓடவே வேலை பார்க்கிறேன்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். மச்சான் வந்தார். லேபுக்கு ஜிபி கணக்கில் அனுப்புகிறவன் வைஃபையை நம்பலாமா, கீழேயிருந்து லேன் கேபிள் இழு என்றார். சரி என்று எலக்ட்ரீஷியனை வைத்து மாடிக்குக் கேபிள் இழுத்தாயிற்று. என்னுடையது 300 எம்பிபிஎஸ் பிளான். ரவுட்டர் பக்கத்தில் நின்று போனில் பார்த்தால் 280 காட்டுகிறது. கேபிள் போட்ட கம்ப்யூட்டரில் 94. காலையில் 94, ராத்திரி 94, மழை பெய்தாலும் 94. மச்சான் கண்ணில் படுவதில்லை.

எட்டு வயர்

எப்போது பார்த்தாலும் 94 என்றால் அது நெட் கோளாறு அல்ல. நெட் மந்தமானால் ஒருமுறை 60, ஒருமுறை 120 என்று ஆடும். உங்கள் கேபிள் 100 மெகாபிட்டில் ஓடுகிறது, அவ்வளவுதான். மிச்சம் 6 எங்கே போனது என்றால், டேட்டா பொட்டலம் பொட்டலமாகத்தான் போகும், முழுப் பொட்டலம் ஒவ்வொன்றும் முகவரி, இடைவெளி எல்லாம் சேர்த்துக் கம்பியில் 1538 பைட் இடத்தை அடைக்கும். அதில் நம் சரக்கு அதிகபட்சம் 1460 பைட்தான். வகுத்துப் பாருங்கள், 94 சொச்சம் வரும்.

ஏன் 100 என்பதற்கு இரண்டே காரணம். ரவுட்டரிலோ கம்ப்யூட்டரிலோ லேன் துவாரம் 100 வகையாக இருக்கலாம். புது மதர்போர்டு என்கிறீர்கள், ரவுட்டரும் புதிது, எனக்கு அதில் சந்தேகம் இல்லை. கேபிளைத்தான் பார்க்க வேண்டும். லேன் கேபிளுக்குள் எட்டு வயர், நாலு ஜோடி. 100க்கு இரண்டு ஜோடி போதும்: 1, 2, 3, 6 ஆகிய ஊசிகள். 1000க்கு நாலு ஜோடியும் வேண்டும். ஏதோ ஒரு வயர் தொடவில்லை என்றால் நிறைய லேன் கார்டுகள் சத்தம் போடாமல் 100க்கு இறங்கிவிடும். விளக்கு எரியும், நெட் வரும், யாருக்கும் சந்தேகம் வராது.

விண்டோஸ் செட்டிங்ஸில் ஈதர்நெட் பக்கத்தில் லிங்க் ஸ்பீடு என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். அப்புறம் கேபிள் முனையில் இருக்கும் ஜாக்கை வெளிச்சத்தில் பிடியுங்கள். பிளாஸ்டிக் கண்ணாடி மாதிரிதான் இருக்கும், உள்ளே நிறம் தெரியும். கொக்கி கீழே, ஊசி உங்களைப் பார்த்து இருந்தால், இடமிருந்து: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். எட்டும் நுனி வரை போயிருக்க வேண்டும்.

பழைய ஸ்குரூடிரைவர்

அவர் சொன்னதோடு ஒன்று. வெட்டிப்போட்ட துண்டு கேபிள் கிடந்தால் ஒரு வயரைப் பிளேடால் சுரண்டுங்கள். செம்பு நிறத்துக்குள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். கிரிம்பிங் செய்கிற, அதாவது ஜாக்கை அழுத்திப் பொருத்துகிற, இடத்தில் பட்டென்று ஒடிந்துவிடும். விலையில் பாதியை மிச்சம் பிடித்ததாக எலக்ட்ரீஷியன் சந்தோஷப்பட்டிருப்பார், அவரைக் குறை சொல்லவும் முடியாது.

ஆல்பம்காரன்

லிங்க் ஸ்பீடு 100/100 என்றுதான் இருந்தது.

மாடியில் இருந்த ஜாக்கில் எட்டு நிறமும் ஒழுங்காக வரிசையில் நின்றன. கீழே ரவுட்டர் பக்கத்து ஜாக்கை போன் டார்ச்சில் பார்த்தேன். ஏழு வயர் நுனியில் முட்டிக்கொண்டு நிற்கின்றன, கடைசி பிரவுன் மட்டும் ஓர் அரிசி நீளம் பின்னால் நிற்கிறது. ஊசி அதைத் தொடவே இல்லை. துண்டு கேபிளையும் சுரண்டினேன், நல்லவேளை, உள்ளேயும் செம்பு.

எலக்ட்ரீஷியனையே கூப்பிட்டேன். பார்த்துவிட்டு, "நெட் வந்துச்சுல்ல சார்?" என்றார். வந்தது, அதுதான் பிரச்சினை என்றேன். ஜாக்கை வெட்டி எறிந்துவிட்டுப் புதிது போட்டார், ஐந்து நிமிட வேலை. லிங்க் ஸ்பீடு 1000/1000. டெஸ்ட் போட்டால் 287.

ஜன்னலில் தொங்கிய வைஃபை அடாப்டரைக் கழற்றிப் பையனிடம் கொடுத்துவிட்டேன். மச்சானுக்கு இன்னும் போன் செய்யவில்லை.