புதுப்பிப்பு: டர்போ அழுத்தம் வரம்பு மீறிய சிக்கல் தீர்ந்தது

மேடேறும்போது என் டீசல் காரின் டர்போ (புகையின் விசையால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தரும் கருவி) தரும் அழுத்தம் வரம்பு மீறுவதாகவும், பி0234 என்ற பிழைக்குறி பதிவாகி எஞ்சின் தன் வலுவைக் குறைத்துக்கொள்வதாகவும் முன்பு எழுதியிருந்தேன். அழுத்த சென்சாரை மாற்றுமாறு பலர் கூறினர். ஆனால், எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பிப் பார்த்தபோது அது ஏறத்தாழ 100 கிலோபாஸ்கல், அதாவது வளிமண்டல அழுத்தத்தையே காட்டியதால், அதில் கைவைக்கவில்லை.

பிறகு, டர்போவின் இறகுகளை ஒரு கம்பியால் அசைக்கும் ஆக்சுவேட்டருக்குக் கைப் பம்பினால் வெற்றிடம் கொடுத்துப் பார்த்தேன். கம்பி தடையின்றி நகர்ந்தது. வெற்றிடத்தை விடுவித்ததும் பாதி வழியில் நின்று, சற்றுப் பொறுத்தே திரும்பியது. இந்த வண்டியில் வெற்றிடம் கூடக் கூட டர்போவின் இறகுகள் நெருங்கி, புகை குறுகிய வழியில் விரைந்து பாய்ந்து சுழலியை வேகமாகச் சுற்றுகிறது. அவை கரி படிந்து மூடிய நிலையிலேயே ஒட்டிக்கொண்டால் அழுத்தம் ஏறாமல் என்ன செய்யும்?

டர்போவைக் கழற்றிக் கரியை அகற்றியபின் கம்பி எளிதாகத் திரும்புகிறது. ஆக்சுவேட்டருக்குச் செல்லும் வெற்றிடத்தைக் கட்டுப்படுத்தும் வால்வின் சிறு காற்று வடிகட்டியும் அடைத்திருந்ததால் அதையும் மாற்றினேன். எதனால் எவ்வளவு பலன் என்று பிரித்துச் சொல்ல இயலாது. இப்போது அதே மேட்டில், எஞ்சின் கேட்கும் அழுத்தமும் கிடைக்கும் அழுத்தமும் ஒட்டியே செல்கின்றன. சென்சாருக்கென ஒதுக்கிய பணம் புதிய கேஸ்கெட்டுகளுக்குப் போயிற்று.