தீபாவளிக்கு இல்லத்துப் பிள்ளைகளுக்குத் துணி எடுக்கிறோம், யோசனை சொல்லுங்கள்

மஞ்சக்குப்பம் வாசி:
கடலூரில் எங்கள் தெருவில் 22 வீடு. ஐந்து வருஷமாக வீட்டுக்கு ஆயிரம், இரண்டாயிரம் என்று போட்டு, ஒரு குழந்தைகள் இல்லத்துக்கும் ஒரு முதியோர் இல்லத்துக்கும் தீபாவளித் துணி வாங்கித் தருகிறோம். போன வருஷம் பொறுப்பு என்னிடம். லாரன்ஸ் ரோட்டில் "எட்டு வயசுக்கு இத்தனை, பத்து வயசுக்கு இத்தனை" என்று மொத்தமாக எடுத்துவிட்டேன். கொடுத்த அன்று ஒரு பையன் புது பேண்ட்டோடு வந்து நின்றான். வலது கையில் லட்டு. இடது கையால் இடுப்பைப் பிடித்திருந்தான், போட்டோ எடுத்து முடிக்கும் வரை அந்தக் கையை எடுக்கவே இல்லை. முதியோர் இல்லத்தில் ஒரு பாட்டி நாங்கள் கொடுத்த சேலையை வைக்க டிரங்குப் பெட்டியைத் திறந்தார். உள்ளே மடிப்புக் கலையாத சேலை ஏழெட்டு இருந்தது. எனக்கு மனசே சரியில்லை.

இந்த வருஷம் நாற்பதாயிரம் சேர்ந்திருக்கிறது. குழந்தைகள் 26, பெரியவர்கள் 18. எப்படிச் செய்யலாம்?

புதுப்பாளையம் டெய்லர்:
வயசைச் சொல்லித் துணி எடுக்காதீர்கள் தம்பி. பத்து வயசுப் பையனில் ஒருவன் இடுப்பு இருபது இருக்கும், இன்னொருவன் இருபத்தாறு இருப்பான். டேப்போடு நேரில் போய் அளவு எடுங்கள். வளரும் பிள்ளைகள், அதனால் கால் பக்கம் இரண்டு அங்குலம் உள்ளே மடித்துத் தைக்கச் சொன்னால் அடுத்த வருஷம் பிரித்து விட்டுக்கொள்ளலாம். ஜீன்ஸ் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் ஊரில் அது மூன்று நாளானாலும் காயாது. தைக்கக் கொடுப்பதாக இருந்தால் ஒரு மாதம் முன்னாலேயே கொடுத்துவிடுங்கள். கடைசி இரண்டு வாரம் எந்த டெய்லரும் கை நீட்ட மாட்டார்.

ஓய்வு பெற்ற வார்டன்:
27 வருஷம் விடுதிகளில் இருந்தவள் சொல்கிறேன். அளவு எடுக்கப் போகும்போதே "உனக்கு என்ன வேணும்?" என்று ஒவ்வொருவரையும் தனியாகக் கேளுங்கள். கூட்டத்தில் கேட்டால் எல்லாரும் முதல் பிள்ளை சொன்னதையே சொல்வார்கள். ஒருமுறை ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி என்னிடம் கேட்டது பூட்டும் சாவியும். பெட்டிக்குப் பூட்டு இல்லாமல் பென்சில்கூடத் தன்னுடையது என்று வைத்துக்கொள்ள முடியவில்லை அவளுக்கு. நாற்பது ரூபாய்ப் பூட்டு. சாவியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டே தூங்கினாள்.

உள்ளாடையை யாரும் வாங்கித் தருவதில்லை, அதைச் சேருங்கள். பழைய துணி மட்டும் வேண்டவே வேண்டாம். 2004 சுனாமிக்குப் பிறகு தேவனாம்பட்டினம் பக்கம் போனபோது, லாரியில் வந்த பழைய துணி மூட்டை மூட்டையாகச் சாலையோரம் கிடந்ததைப் பார்த்தேன். வீடு போனவர்களுக்கும் மானம் உண்டு.

பெரியவர்களில் சர்க்கரை உள்ளவர்களுக்கு எம்.சி.ஆர். செருப்பு, அதாவது மெத்தென்ற ரப்பர் வைத்த செருப்பு நல்லது, அதுவும் காலை அளந்துதான். கை தூக்க முடியாதவர்களுக்கு முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டி. அப்புறம், பேரப்பிள்ளை பார்க்க வந்தால் கையில் கொடுக்கக் கொஞ்சம் சில்லறை நோட்டு வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. தயங்காமல் கொடுங்கள்.

பெயர் எழுதிப் பையில் போட்டுக் கொடுத்துவிடுங்கள், மேடையும் வரிசையும் எதற்கு? பிள்ளைகளின் முகம் தெரிகிற படத்தை வாட்சாப்பில், முகநூலில் போடாதீர்கள். பாதுகாப்பு தேவைப்படும் குழந்தை யார் என்று தெரியும்படி வெளியிடுவதைச் சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74 தடை செய்கிறது.

இன்னொன்று. பண்டிகைக்கு முந்தின வாரம் பலரும் வருவார்கள். தீபாவளி அன்று காலையில் யாரும் வர மாட்டார்கள். பாதிப் பிள்ளைகள் ஊருக்குப் போயிருப்பார்கள், போக இடமில்லாத நாலைந்து பேர் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். உங்கள் தெருவிலிருந்து இரண்டு பேர் அன்றைக்குப் போய் ஒரு மணி நேரம் இருங்கள். இல்லத்தில் முன்னாலேயே அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள், வெளிச் சாப்பாட்டை எல்லா இடத்திலும் விட மாட்டார்கள்.

மஞ்சக்குப்பம் வாசி:
ரொம்ப நன்றி அக்கா, நன்றி அண்ணா. நேற்று நோட்டோடு இரண்டு இடத்துக்கும் போய் வந்தோம். அந்தப் பையனுக்கு இடுப்பு இருபத்தொன்று. நான் வாங்கிக் கொடுத்தது இருபத்தாறு. அவன் இந்தத் தடவை கேட்டது கேரம் போர்டு, "எல்லாரும் விளையாடலாம்" என்றான். சேலைப் பாட்டிக்குப் பல் இல்லை, வெற்றிலை இடிக்கச் சின்ன இரும்பு உரல் வேண்டுமாம். லாரன்ஸ் ரோட்டில் நாலு கடை கேட்டுவிட்டேன், கிடைக்கவில்லை. எங்கே கிடைக்கும்?

புதுப்பாளையம் டெய்லர்:
பாடலீஸ்வரர் கோயில் பக்கம் பழைய பாத்திரக் கடைகளில் கேட்டுப் பாருங்கள் தம்பி. உலக்கை கைக்கு அடக்கமாக இருக்கிறதா என்று பிடித்துப் பார்த்து வாங்குங்கள், பாட்டி கை நடுங்கும்.