விளக்கு எரியவில்லை, புகார் முடிந்துவிட்டது

இருட்டுத்தெரு: தெருவிளக்கு எரியவில்லை என்று புகார் கொடுத்தேன். மூன்றாம் நாள் 'உங்கள் புகார் சரிசெய்யப்பட்டது' என்று குறுஞ்செய்தி வந்தது. அதை இருட்டில் நின்றுதான் படித்தேன். விளக்குகூடப் பரவாயில்லை, அந்தப் பொய்தான் தாங்கவில்லை. உள்ளாட்சியை இனி எதற்கு நம்ப வேண்டும்?

பழைய குமாஸ்தா: அந்தப் பொய்யை யாரும் உட்கார்ந்து எழுதியிருக்க மாட்டார்கள் சார். நான் வேலை பார்த்த இடத்தில் புகாரை ஒப்பந்தக்காரருக்குத் தள்ளிவிட்டாலே கணக்கில் 'முடிந்தது' என்று விழும். எத்தனை நாளில் முடித்தாய் என்றுதான் மேலிடம் கேட்கும். எரிகிறதா என்று கேட்காது.

சந்தேகப்பிராணி: பொய்க்கு ஆள்கூடத் தேவையில்லை என்கிறீர்கள், நல்லது. அமெரிக்காவின் பிளிண்ட் நகரில் 2014 ஏப்ரலில் குடிநீர் எடுக்கும் இடத்தை ஆற்றுக்கு மாற்றினார்கள். குழாய் அரிக்காமல் தடுக்கும் மருந்தைச் சேர்க்கவில்லை. பழைய குழாய்களின் ஈயம் தண்ணீரில் இறங்கியது. நிறம் மாறிய தண்ணீரை மக்கள் பாட்டிலில் பிடித்து வந்து காட்டியும் 'குடிக்கலாம்' என்றே பதில். நம்பியவர்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். சந்தேகப்பட்டவன் பிழைத்தான்.

பழைய குமாஸ்தா: பாதிக் கதைதான் சொல்கிறீர்கள். 2015 மார்ச்சில் அந்த நகர மன்றமே ஆற்று நீரை நிறுத்தச் சொல்லி 7-1 என வாக்களித்தது. மாநிலம் நியமித்த அவசரகால மேலாளர்தான் மறுத்தார். மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் கையில் அதிகாரமே இல்லை! எல்லாரும் திருடர்கள் என்று நாம் ஒதுங்கினால் நடப்பது வேறு. கலிபோர்னியாவில் பெல் என்று ஒரு சின்ன நகரம். மன்ற உறுப்பினர் சம்பளத்துக்கு மாநிலச் சட்டம் போட்ட வரம்பிலிருந்து நழுவ வழிசெய்த வாக்கெடுப்பு 2005இல் நடந்தது. 400 பேர்கூடப் போகவில்லை. 2010இல் பார்த்தால் நகர மேலாளருக்கு மட்டும் ஆண்டுக்கு ஏறக்குறைய 8 லட்சம் டாலர்.

சந்தேகப்பிராணி: அதைத் தோண்டி எடுத்தவர்கள் சந்தேகப்பட்ட செய்தியாளர்கள்தானே?

பழைய குமாஸ்தா: ஆமாம், ஐந்து வருடம் கழித்து. வாக்கெடுப்பு அன்றே நாலு பேர் போய்ச் சந்தேகப்பட்டிருக்கலாம். வீட்டுத் திண்ணைச் சந்தேகம் மேலாளருக்கு ரொம்ப வசதி.

சந்தேகப்பிராணி: போய் நின்றால் மைக்கில் மூன்று நிமிடம் தருவார்கள். அப்புறம் 'கருத்து பதிவு செய்யப்பட்டது'. இதற்கு ஒரு நாள் கூலியை யார் தருவது?

இருட்டுத்தெரு: நீங்கள் இருவரும் அடித்துக்கொண்டிருந்த நேரத்தில் போய்க் கேட்டுவிட்டு வந்தேன். முடிந்த புகாரைத் திறக்க வழியில்லையாம், புதிதாகப் போட வேண்டுமாம். போட்டேன். ஆதாரத்துக்கு இரவில் எடுத்த படத்தையும் சேர்த்திருக்கிறேன். 'படம் தெளிவாக இல்லை' என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.