அப்சர்வர்: பார்வையாளரா, கண்காணிப்பாளரா, நோக்கரா?

ஒரு நாட்டின் தேர்தலைப் பார்த்து அறிக்கை தர வெளியிலிருந்து வருகிற ‘இன்டர்நேஷனல் எலெக்‌ஷன் அப்சர்வர்’, அவருக்கு நம் கலைச்சொல் தொகுப்பில் என்ன தமிழ்ச்சொல் வைப்பது என்பதுதான் கேள்வி. வந்த மடல்களும் என் பதில்களும் கீழே.

> திருப்பூர்த் தம்பி எழுதியது: பேப்பரில் எல்லாம் ‘தேர்தல் பார்வையாளர்’ என்றுதான் போடுகிறார்கள். முன்னால் ‘பன்னாட்டு’ சேர்த்தால் வேலை முடிந்தது. புதுச்சொல் எதுக்குங்க அக்கா?

‘பார்வையாளர்’ காலி நாற்காலியாக இருந்தால் நானே முதலில் கை தூக்கியிருப்பேன் தம்பி. அதில் ஏற்கெனவே ஆள் உட்கார்ந்திருக்கிறார். பொதுப் பார்வையாளர், செலவினப் பார்வையாளர், காவல் பார்வையாளர் என்று தேர்தல் ஆணையம் அனுப்புகிறதே, அவர்கள் அரசு அதிகாரிகள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20பி பிரிவைப் பாருங்கள். வாக்குச்சாவடிகள் பெருவாரியாகக் கைப்பற்றப்பட்டன என்று தெரிந்தால், எண்ணிக்கையை நிறுத்து, முடிவை அறிவிக்காதே என்று தேர்தல் நடத்தும் அலுவலருக்கு உத்தரவே போடலாம்.

பன்னாட்டுக் குழுவில் வருகிறவருக்கு அதில் கால்வாசி அதிகாரம்கூடக் கிடையாது. 2005 அக்டோபரில் ஐ.நா.வில் ஏற்ற, பன்னாட்டுத் தேர்தல் அப்சர்வர்களுக்கான கோட்பாட்டுப் பிரகடனமும் அதோடு வந்த நடத்தை விதிகளும் இதில் தெளிவாக இருக்கின்றன. முறைகேட்டைக் கண்டால், அந்நாட்டுச் சட்டம் தடுக்காதவரை, அலுவலரின் கவனத்துக்குக் கொண்டுபோகலாம். வேலைக்குக் குறுக்கே நிற்கக் கூடாது. கண்டதைக் குறித்துக்கொண்டு பிறகு அறிக்கையில் ஊரறியச் சொல்ல வேண்டும். ஒரே சொல்லை இரண்டு பேருக்கும் வைத்தால், வெளிநாட்டுக்காரர் வந்து நம் எண்ணிக்கையை நிறுத்துவாராம் என்று வாட்ஸ்அப்பில் கிளம்பிவிடும்.

> பொள்ளாச்சியிலிருந்து: இலங்கைப் பத்திரிகைகளில் ‘கண்காணிப்பாளர்’ நன்றாக ஊன்றிய சொல். அதை ஏன் விட வேண்டும்?

அங்கே ஊன்றியிருக்கிறது, மறுக்கவில்லைங்க. ‘அவதானிப்பாளர்’ என்றும் எழுதுகிறார்கள். நம் பக்கம் கண்காணிப்பாளர் என்றால் எஸ்.பி. உங்கள் மலைக்கு மேலே வால்பாறையில் பழைய எஸ்டேட் ஆட்களிடம் ‘கங்காணி’ என்று சொல்லிப் பாருங்கள், எவ்வளவு அதிகாரம் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது என்று தெரியும். தேர்தல் நேரத்தில் நிலைக் கண்காணிப்புக் குழு என்றால் வண்டியை மறித்து டிக்கியைத் திறக்கச் சொல்கிறவர்கள். 2016 மே மாதம் திருப்பூர் பக்கத்தில் மூன்று கண்டெய்னர் லாரிகளில் 570 கோடி ரூபாய் பிடிபட்டதும், அது தங்கள் பணம் என்று ஸ்டேட் வங்கி சொன்னதும் இங்கே யாருக்கும் மறக்காது. பன்னாட்டு அப்சர்வருக்கு ஒரு சைக்கிளை நிறுத்தக்கூட உரிமை இல்லை. ஆகவே மானிட்டர் என்று வரும் இடங்களுக்குக் ‘கண்காணிப்பாளர்’ இருக்கட்டும்.

> கோபி ஐயா எழுதியது: அவர் பார்த்ததைச் சொல்கிறவர், அப்படியானால் சாட்சி. ‘தேர்தல் சான்றாளர்’ எனலாமே.

ஐயா, சாட்சி என்ற பொருள் சரிதான், எனக்கும் பிடித்தது. ஆனால் இன்றைய காதுக்குச் ‘சான்று’ என்றால் சர்டிபிகேட். இவர்கள் தேர்தலுக்குச் சான்றிதழ் கொடுக்க வருகிறவர்கள் என்ற தப்பெண்ணம் ஏற்கெனவே உண்டு. 1989 மே மாதம் பனாமாவில் அப்சர்வராகப் போன முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் எண்ணிக்கையில் மோசடி என்று வெளிப்படையாகச் சொன்னார். அந்நாட்டு ராணுவத் தலைவர் நொரியேகாவின் ஆட்சி தேர்தலையே செல்லாதென்றது. கார்ட்டரால் செய்ய முடிந்தது சொல்வது மட்டும்தான், அதுவே உலகத்துக்குப் போதுமான சேதி. கென்யாவில் 2017 ஆகஸ்டில் வாக்குப்பதிவைப் பற்றிப் பன்னாட்டுக் குழுக்கள் பெரும்பாலும் நல்லவிதமாகவே பேசின. செப்டம்பர் 1-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதிபர் தேர்தலை ரத்து செய்தது. முடிவுகளை அனுப்பிய முறையில் கோளாறு என்றார்கள். சான்றாளர் என்று பெயர் வைத்திருந்தால் அன்றைக்கு அந்தப் பெயருக்கு என்ன மரியாதை?

என் முன்மொழிவு ‘தேர்தல் நோக்கர்’. ‘அரசியல் நோக்கர்கள் கருதுகிறார்கள்’ என்று செய்தியில் வருகிற பெயரில்லா ஆட்களோடு குழம்பும் என்பீர்கள். குழம்பட்டும்ங்க, அவர்களுக்கும் அதிகாரம் கிடையாது. நோக்குதல் என்பது சும்மா கண்ணில் படுவதல்ல, கருத்தூன்றிப் பார்ப்பது. (நோட்டம் என்பதிலிருந்து ‘நோட்டர்’ என்று தனிமடலில் ஒருவர் அனுப்பினார். நாணயத்தைச் சோதிப்பதற்கு இருந்த நல்ல சொல்தான். இன்றைக்கு நோட்டம் விடுகிறவன் எவன் என்று பூட்டிய வீட்டுக்காரரைக் கேளுங்கள்.)

இன்னொன்று. ‘வாக்குப்பதிவு’ என்று எதையும் இந்தச் சொல்லோடு ஒட்டாதீர்கள். அந்த நாளுக்காக வருகிறவர்கள் ஒரு பிரிவு. பல வாரம் முன்பே வந்து வேட்புமனு, வாக்காளர் பட்டியல், பிரசாரம், வழக்குகள் வரை பார்க்கிறவர்கள் வேறு பிரிவு. 1996-ல் மொடக்குறிச்சியில் 1033 வேட்பாளர்கள்; வாக்குச்சீட்டு புத்தகமாகவே அச்சானது. வாக்குப்பதிவு அன்று காலையில் ஒருவர் வந்து இறங்கியிருந்தால் அந்தப் புத்தகம்தான் கண்ணில் பட்டிருக்கும். விவசாயிகள் ஏன் அப்படி வரிசையாக மனுப் போட்டார்கள் என்பது முன்பே வந்து நாலு ஊரில் உட்கார்ந்து பேசினவருக்குத்தான் தெரியும். இவர்களை நெடுநாள் நோக்கர், குறுநாள் நோக்கர் என்றே பிரிக்கலாம். மிஷனுக்கு ‘நோக்கர் குழு’ போதும், ‘தூதுக்குழு’ வேண்டாம்.

தொகுப்புக்கான பதிவு:

தேர்தல் நோக்கர்: தேர்தலின் எல்லாக் கட்டங்களையும் குறுக்கிடாமல் பார்த்து, பதிந்து, நடுநிலையாக அறிக்கை தருபவர். ஆணையம் அமர்த்தும் ‘பார்வையாளர்’ வேறு.

> கோபி ஐயா: சான்றாளரை விட மனசில்லை. ஆனாலும் கென்யா கதைக்குப் பதில் இல்லை. நோக்கரே இருக்கட்டும்.

> திருப்பூர்த் தம்பி: சரிங்க அக்கா. அப்போ 1986-ல் பிலிப்பைன்ஸில் நாம்ஃப்ரெல் என்ற குடிமக்கள் அமைப்பு செய்த குயிக் கவுண்ட், சிலியில் 1988 பொதுவாக்கெடுப்பில் செய்தது, இதையெல்லாம் ‘இணை எண்ணிக்கை’ என்று போட்டு வைத்திருக்கிறேன். சரியா?

‘இணை’ என்றால் அரசுக்குப் போட்டியாக இன்னொரு எண்ணிக்கை நடப்பதுபோல் ஒலிக்கிறது தம்பி. அவர்கள் வாக்குச்சீட்டைத் தொடுவதே இல்லை. சாவடியில் அறிவித்த எண்ணை வாங்கிக் கூட்டி, அரசு சொல்லும் முடிவோடு ஒத்துப் பார்க்கிறார்கள். எல்லாச் சாவடியிலும் வாங்கினால் ‘ஒத்துப்பார்ப்புக் கூட்டல்’, குலுக்கலில் எடுத்த சாவடிகளில் மட்டும் வாங்கினால் ‘மாதிரி ஒத்துப்பார்ப்பு’ என்றால் எப்படி? உங்கள் பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவரிடம் இரண்டையும் சொல்லிப் பாருங்கள். அவருக்கு எது விளங்குகிறதோ அதை வைத்து அடுத்த மடலில் பேசலாம்.