பழைய ஜப்பானிய மட்கலங்களைத் தேடியபோது நேர்ந்து, இன்றும் மனத்தை உறுத்தும் ஒரு நிகழ்வைப் பகிருங்கள்

சூளைச்சாம்பல் (கியோத்தோ):

மாதந்தோறும் 21ஆம் தேதி தோஜி கோயில் வளாகத்தில் கூடும் சந்தையைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. விடியும் முன்பே கைவிளக்குடன் போயிருந்தேன். ஒரு சாண் உயரமே இருந்த, ஷிகராக்கி என்னும் சூளை ஊரின் ஜாடி ஒன்று கண்ணில் பட்டது; தோளில் வேலிப் பின்னலாய்க் கீறிய கோலம், மண்ணைத் துளைத்துக்கொண்டு துருத்திய வெள்ளை ஃபெல்ஸ்பார் மணிகள், தீயில் சாம்பல் உருகி ஒரு பக்கம் மட்டும் வழிந்து கண்ணாடியாய் உறைந்த பச்சை மெருகு. இடைக்காலத்து ஜாடிகளின் கீழ்ப்பாதியை மண்திரி சுற்றி எழுப்பி, அது சற்று உலர்ந்த பின்னரே மேல்பாதியை ஏற்றினார்கள் என்பதால், கையை உள்ளே விட்டு அந்த இணைப்பைத் தேடினேன். வனைந்தவரின் விரல் அழுத்திய குழி அங்கே இருந்தது. என் விரல் அதில் அடங்கவில்லை, அவருடையது சிறிய விரல்.

ஒருவர் கையில் இருக்கும் பொருளுக்கு மற்றவர் விலை கேட்பதில்லை என்பது அங்கே எழுதாத விதி. யோசிப்பதற்காக நான் ஜாடியைக் கீழே வைத்த அடுத்த கணம், அதுவரை பக்கத்தில் எதையோ புரட்டிக்கொண்டிருந்த முதியவர் பேரமே பேசாமல் பணத்தை எண்ணிக் கொடுத்தார். மூடியில் தேநீர்ச் சடங்கின் ஆசான் ஒருவர் எழுதிக் கையொப்பமிட்ட மரப்பெட்டியையும், அதைக் கட்டும் நெய்த நாடாவோடு, கடைக்காரர் நீட்டினார். முதியவர் மூடியைத் திறந்து உள்ளே ஒருமுறை முகர்ந்து பார்த்தார். பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஜாடியை மட்டும் துணியில் சுற்றிக்கொண்டு போய்விட்டார். ஜாடி கைநழுவியதில் எனக்கு வருத்தமில்லை. பெட்டியை ஏன் விட்டுச் சென்றார் என்பதற்குத்தான் இன்னும் விடை தெரியவில்லை.

ஒசாகாவாசி:

அந்த முதியவர் நிச்சயமாக வியாபாரி அல்லர். கையொப்பமிட்ட பெட்டி இருந்தால்தான் தேநீர்க் கலங்கள் நல்ல விலைக்குப் போகும். அதை இலவசமாகக் கொடுத்தும் வேண்டாம் என்பவரை அறிவாளியாக்கிப் பேசுவது சரியன்று.

என் அனுபவம் ஒகயாமா பகுதியிலுள்ள இன்பெ ஊரில் நேர்ந்தது. அங்கே செய்யும் பிசென் கலங்களுக்கு மெருகுப் பூச்சே கிடையாது. பத்து நாளோ இரண்டு வாரமோ விறகுத் தீயில் இருக்கும்போது சாம்பலும் வைக்கோலும் தருவதுதான் நிறம். ஒரு வீட்டில் பழைய தட்டு ஒன்றைக் காட்டினார்கள். வெளிறிப்போய், பார்ப்பதற்கு ஒன்றுமில்லாமல் இருந்தது. அந்த வீட்டு அம்மாள் பேச்சை நிறுத்தாமலே அதைத் தண்ணீரில் அமிழ்த்தி எடுத்தார்; வைக்கோலின் பொட்டாசியமும் மண்ணின் இரும்பும் சேர்ந்து தீட்டிய கோடுகள் அத்தனையும் செக்கச்செவேலென்று எழுந்தன. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீர் உலர்ந்து, விளிம்பிலிருந்து அவை மங்கத் தொடங்கின. விலை கேட்டேன். இரவு மீன் பரிமாற அது வேண்டும் என்றார்.

அடிப்பக்கம் (நகோயா):

பெட்டியையும் எழுத்தையும் இவ்வளவு நம்புகிற ஒசாகா நண்பர் எய்னின் ஜாடியை மறந்துவிட்டார் போலும். எய்னின் என்னும் ஆண்டுக்கணக்கின் 2, அதாவது 1294, என்று உடலிலேயே பொறித்திருந்த அந்தச் சேத்தோ ஜாடியை 1959இல் ஜப்பானிய அரசே முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. அதைத் தாமே செய்ததாகக் குயவர் காத்தோ தோகுரோ பின்னர் சொன்னார். 1961இல் அறிவிப்பு விலக்கப்பட்டது. முதலில் அதை அறிவிக்கத் துணைநின்ற மட்கல ஆய்வாளர் கோயாமா ஃபுஜியோ பதவியை விட்டு விலகினார். சேத்தோ, தொக்கோனாமெ, எச்சிசென், ஷிகராக்கி, தம்பா, பிசென் என்று நாம் ஒப்பிக்கும் 'ஆறு பழஞ்சூளைகள்' என்ற வகைப்பாட்டைத் தந்தவரே அவர்தாம். அப்படிப்பட்ட கண்ணையே ஏமாற்றிய எழுத்து நம்மை விட்டுவைக்குமா?

எனக்கு நேர்ந்தது சிறிய விஷயம். ஒரு கடையில் தொக்கோனாமெ ஜாடியின் வாயில் புற ஊதாக் கைவிளக்கைக் காட்டினேன். விளிம்பின் மூன்றில் ஒரு பங்கு பால்நீலமாக ஒளிர்ந்தது; பிற்காலத்தில் செயற்கைப் பிசினால் சீர்செய்த இடம் பெரும்பாலும் அப்படித்தான் ஒளிரும். கடைக்காரர் ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய்க் கூரை விளக்கைப் போட்டார்.

புதியவர்கள் சிலவற்றை மனத்தில் கொள்ள வேண்டும். முதலில் அடியைப் பாருங்கள்: நூற்றாண்டுகளாகத் தரையில் இழுபட்ட அடி, மேடான இடங்களில் மட்டும், எல்லாத் திசைகளிலும் தேய்ந்திருக்கும், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் கீறல்கள் ஒரே திசையில் ஓடும். மெருகு முழுவதும் ஒரே சீராக மங்கியிருந்தால் அமிலத்தைச் சந்தேகியுங்கள். தங்கப் பூச்சோடு ஒட்டிய விரிசல் உருஷி என்னும் மரப்பால் அரக்கில் செய்ததா, செயற்கைப் பிசினில் செய்ததா என்று கேளுங்கள். ஈரக் காற்றில்தான் அரக்கு இறுகும், அதற்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், ஆகவே நாளைக்கே ஒட்டித் தருகிறேன் என்பவர் பயன்படுத்துவது பிசின்தான். பெட்டி இருந்தால் கலத்தை உள்ளே வைத்து அசைத்துப் பாருங்கள். வேறு பொருளுக்குச் செய்த பெட்டி உடனே காட்டிக்கொடுத்துவிடும். வாங்கிய பின் ஜாடியில் நீர் நிரப்பி ஓர் இரவு வைத்துவிடுங்கள். எங்கே கசிகிறது, எங்கே மறைவாக ஒட்டியிருக்கிறார்கள் என்பது காலையில் தெரிந்துவிடும்.

வடகடல் (ஃபுகுய்):

இங்கே கேட்டது அனுபவம். நகோயா நண்பர் நடத்துவது வகுப்பு. எந்த ஜாடி கிடைத்தாலும் நீரை நிரப்பு என்று எழுதுவதற்கு முன், அவர் அதன் உள்ளே எட்டிப் பார்க்கவும் சொல்லியிருக்கலாம்.

ஒரு பழம்பொருள் கடையில் எச்சிசென் ஜாடி ஒன்றைச் சாய்த்தேன். இத்தகைய ஜாடிகளில் விதையும் தானியமும் சேமித்தார்கள். இறந்தவர்களின் எலும்பையும் அவற்றில் இட்டுப் புதைத்தார்கள் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததே. அடியில் ஏதோ உலர்ந்த ஓசையோடு உருண்டது. சரளைக்கல், வண்டியில் ஏற்றும்போது விழுந்திருக்கும் என்றார் கடைக்காரர். கைபேசி வெளிச்சத்தில் பார்த்தேன்: மண்ணுக்கு நடுவே நுண்துளைகளோடு வெள்ளைச் சில்லுகள், ஒன்றின் ஓரம் மெல்ல வளைந்திருந்தது. ஜாடியை வைத்துவிட்டு வந்துவிட்டேன். அடுத்த முறை போனபோது அதே ஜாடி கழுவித் துடைக்கப்பட்டு, உலர்ந்த பூக்கொத்துடன் கடையின் கண்ணாடிச் சன்னல் அருகே நின்றது. உள்ளே இருந்தவற்றை என்ன செய்தார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இத்தகைய நிலையில் மற்றவர்கள் என்ன செய்தீர்கள்?

அடிப்பக்கம் (நகோயா):

நீர்ச் சோதனை காலி ஜாடிக்கு மட்டுமே என்று நான் எழுதியிருக்க வேண்டுமென்று எதிர்பார்ப்பது நியாயமன்று. ஆனாலும் அந்தக் கடையில் நான் எதையும் வாங்கியிருக்க மாட்டேன்.