மறு: பிலீஃப் (belief) என்பதற்கு 'நம்புகோள்'

> 'நம்பிக்கை' இருக்கும்போது புதுச்சொல் எதற்கு? ஆங்கிலச் சொல்லின் வேரைப் பார்த்தீர்களா? 'கோள்' என்றால் கிரகம், புறங்கூறல் என்றெல்லாம் குழப்பம் வராதா?

வணக்கம் ஐயா,

வேரிலிருந்தே தொடங்குகிறேன். பிலீஃபின் வேரில் இருப்பது அன்பு. 'லவ்' அதற்கு உறவுச்சொல். ஜெர்மனில் நம்புவது 'கிளௌபன்', பிரியமானது 'லீப்'; இரண்டும் அதே குடும்பம்தான். கடவுள்மேல் வைக்கும் பற்றைக் குறித்து வந்த சொல் அது. லத்தீனின் 'ஃபிடேஸ்' பிரெஞ்சு வழியாக 'ஃபெய்த்' என்று வந்து அந்த இடத்தைப் பிடித்த பிறகு, ஒரு கூற்றை மெய்யென்று மனம் ஏற்பது பிலீஃபின் பங்காயிற்று.

நம் 'நம்பு'வும் இதே வழியில் வந்ததுதான். 'நம்பும் மேவும் நசையாகும்மே' என்கிறது தொல்காப்பிய உரியியல். நசை என்றால் விருப்பம். இரு மொழியும் ஒரே இடத்திலிருந்து கிளம்பியிருப்பதைப் பார்க்க எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி! ஆகவே 'நம்பு' அப்படியே இருக்கட்டும்.

சிக்கல் 'நம்பிக்கை'யில் இருக்கிறது. விவிலியத்தில் 1 கொரிந்தியர் 13:13ஐப் பாருங்கள். பழைய பெயர்ப்பில் 'விசுவாசம், நம்பிக்கை, அன்பு'. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் 'நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு'. அதே 'நம்பிக்கை' ஒன்றில் ஹோப் (எதிர்பார்ப்பு), மற்றதில் ஃபெய்த் (கடவுள்பற்று). 'கதவு திறந்திருக்கும் என்பது ரோபோவின் நம்பிக்கை' என்று செயற்கை நுண்ணறிவுப் பாடத்தில் எழுதினால், ரோபோ எதையோ எதிர்பார்த்து நிற்பதாகத்தான் மாணவர் படிப்பார். சொல்ல வந்ததோ வேறு: அந்தக் கூற்றை அது மெய்யென்று கொண்டிருக்கிறது, அது பொய்யாகவும் இருக்கலாம்.

மெய்யென்று 'கொண்டிருப்பது' என்பதால்தான் நம்புகோள்; 'கொள்' என்பதிலிருந்து வந்த 'கோள்' இது. கருதுகோள் போலவே வினைத்தொகை. பன்மையும் நம்புகோள்கள் என்று இடறாமல் வருகிறது. கருதுகோள் என்றதும் யாருக்கும் கிரகமோ புறங்கூறலோ நினைவுக்கு வருவதில்லையே, இதற்கும் அந்தப் பயம் வேண்டாம்.

மெய்யியலிலும் பொருத்திப் பார்த்தேன். 'நியாயமுள்ள, மெய்யான நம்புகோளே அறிவு' என்ற வரையறையை 1963இல் அமெரிக்க மெய்யியலாளர் எட்மண்ட் கெட்டியர் மூன்றே பக்கத்தில் அசைத்தார். நியாயம் உண்டு, நம்புகோளும் மெய்தான், ஆனாலும் அது அறிவாகாது என்பது அவர் வாதம். இப்படித் தமிழில் சொல்லும்போது எங்கும் தடுக்கவில்லை.

மூடநம்பிக்கை, தன்னம்பிக்கை எல்லாம் வழக்கில் ஊறியவை, அவற்றைத் தொட வேண்டாம்.

அப்புறம் ஒன்று பாக்கி. பேயீசிய நிகழ்தகவில் ஒரு நம்புகோளை எவ்வளவு உறுதியாகக் கொண்டிருக்கிறோம் என்பதற்கு 0 முதல் 1 வரை ஓர் எண் தருகிறார்கள். 'நம்பகம்' என்றால் வேறு பொருள் வந்துவிடும். 'நம்புகோள் வலு' சரியாக இருக்குமா? புள்ளியியல் நடத்துகிறவர்கள் சொல்லுங்கள்.