புதுப்பிப்பு: பதநீர் கள்ளாவதற்கு ‘வில்’லா, ‘கேன்’னா?

பதநீர் கள்ளாக மாறுவதை ஆங்கிலத்தில் எழுத எந்தத் துணைவினை பொருந்தும் என்று முன்பு கேட்டிருந்தேன். உடன்குடிப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கையில் எழுந்த கேள்வி. இப்போது தெளிவு கிடைத்திருக்கிறது.

கலயத்தில் சுண்ணாம்பு தடவாவிட்டால் சாறு நொதித்தே தீரும். அதற்கு ‘வில்’ (will) தான். அது எதிர்காலத்துக்கு மட்டும் உரியதல்ல. ஒரு பொருளின் மாறாத இயல்பையும் சொல்லும். சுண்ணாம்பு குறைந்தால் சில சமயம் புளிக்கும். இந்தப் பொதுவான சாத்தியத்துக்கு ‘கேன்’ (can). ஆனால் கண்முன் இருக்கும் இந்தக் கலயம் இன்று புளித்துவிடுமோ என்ற ஐயத்துக்கு ‘கேன்’ ஒட்டாது, ‘மே’ (may) அல்லது ‘மைட்’ (might) வேண்டும். பிள்ளைகள் தடுமாறுவதே இங்கேதான். பாடநூல்கள் இதை அழுத்திச் சொல்லியாக வேண்டும்.

ஆச்சி காலத்தில் பனைப் பருவம் ஓய்வதுவரை தினமும் பதநீர் கருப்பட்டியாகும் என்ற பழைய வழக்கத்துக்கு ‘வுட்’ (would). நேற்று ஒருமுறை ஆனதற்குச் சாதாரண இறந்தகாலமே போதும்.